பிக்கப் வண்டித் தொட்டியில் குறைந்த செலவில் கட்டுவளையம் பொருத்துவது: முதன்முறையாகச் செய்பவர்களுக்கு

பிக்கப் வண்டி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே, பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் நான்கு மூலைகளிலும், சரக்கைக் கட்டும் பட்டைகளை மாட்டுவதற்காக, தானே மரையிட்டுக்கொள்ளும் திருகுகளால் நான்கு சிறிய வளையங்களை முடுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது பயணத்தில் ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பியபோது, இரண்டு வளையங்கள் திருகோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. இயந்திரம் பக்கச்சுவரில் சாய்ந்து நின்றுவிட்டதால் சாலையில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இறங்கிப் பார்த்தபோது, திருகு இருந்த துளை ஒரு பூவிதழ்போல மேல்நோக்கி விரிந்திருந்தது. தொட்டியின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். திருகின் இரண்டு மரைகளுக்கு இடையிலான தூரமே அதைவிட அதிகம். அப்படியானால் அவ்வளவு நீளத் திருகில் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு மரைதான்.

அதன்பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முறையாகச் செய்து முடிக்க எனக்கு மூன்று வார இறுதிகள் பிடித்தன. விவரம் முன்பே தெரிந்திருந்தால் ஒன்றரை நாள் போதும். வளையம் எவ்வளவு பெரிது என்பதைவிட, அது இழுக்கும் விசையைத் தகட்டுக்கு அடியில் எது தாங்குகிறது என்பதுதான் முக்கியம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடருங்கள். கீழே உள்ள படிகள் அனைத்தும் அதை ஒட்டியே அமைந்துள்ளன.

1. கருவியைத் தொடுவதற்கு முன் தாள்களை எடுத்து வையுங்கள்

முதலில் வண்டியின் பயனர் கையேடு. அதில் இரண்டு பகுதிகளைத் தேடுங்கள்: வண்டி ஏற்கக்கூடிய மொத்தச் சுமை எவ்வளவு என்பது ஒன்று, ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ள கட்டுவளையங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்பது இன்னொன்று. இரண்டாவது எண்ணைப் பலரும் பார்ப்பதே இல்லை. தயாரிப்பு நிறுவனங்கள் பல, தொட்டி அமைப்பை மாற்றுவோருக்கென்று தனியாக ஒரு தொழில்நுட்ப வழிகாட்டியை வெளியிடுகின்றன. எங்கே துளையிடலாம், எங்கே கூடாது என்பது அதில் படமாகவே இருக்கும். உங்கள் வண்டிக்கு அப்படி ஒன்று கிடைத்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வேலையிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உத்தரவாதப் புத்தகம். துரு குறித்த பிரிவை வரிவரியாகப் படியுங்கள். துளையிட்ட இடத்திலிருந்து பரவும் துருவுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்ற வாசகம் பெரும்பாலும் அங்கே இருக்கும். வண்டி புதியதென்றால், துளையிடாத வழிகளை முதலில் முயன்று பார்ப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

வண்டி குத்தகையில் இருந்தாலோ, கடன் முடியாமல் இருந்தாலோ, ஒப்பந்தத்தில் மாற்றங்கள் பற்றிய பிரிவைப் பார்த்து, தேவைப்பட்டால் எழுத்து மூலமாக அனுமதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் உதவாது. காப்பீட்டாளருக்கும் ஒரு சிறு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, வந்த பதிலைச் சேமித்து வையுங்கள். வளையங்களையும் போல்ட்டுகளையும் வாங்கும்போது, தாங்குதிறன் அச்சிட்ட அட்டையை உறையோடு வீசிவிடாமல் ரசீதுடன் சேர்த்து வைக்க வேண்டும். பின்னொரு நாள் வளையத்தின் மேல் பொறித்த எண் துருவில் மறைந்துபோனால், அந்த அட்டைதான் உங்களிடம் மிஞ்சும்.

2. துளையிடாமல் கிடைப்பதை முதலில் தேடுங்கள்

தொட்டியை முழுவதும் கழுவிக் காயவைத்து, கையில் விளக்குடன் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் நாம் கவனிக்காத மூன்று இடங்கள் இருக்கும்.

முதலாவது, பக்கச்சுவரின் மேல் விளிம்பில் உள்ள சதுர அல்லது செவ்வகக் குழிகள். முன்பு மரக்கழிகளைச் செருகுவதற்காக அமைக்கப்பட்டவை இவை. இவற்றுக்குள் இறக்கி முடுக்கினால் விரிந்து பிடித்துக்கொள்ளும் வளையங்கள் கிடைக்கின்றன. துளை தேவையில்லை, பத்து நிமிட வேலை, செலவும் குறைவு. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. மேல் விளிம்பிலிருந்து வரும் பட்டை, விளிம்பைவிட உயரமான பொருளை மட்டுமே கீழ்நோக்கி அழுத்தும். சிமென்ட் மூட்டை, ஓடு, கருவிப்பெட்டி போன்று தாழ்வாக இருக்கும் சரக்கின் மேல் அந்தப் பட்டை பாலம்போலத் தொங்கிக்கொண்டிருக்குமே தவிர, எதையும் பிடிக்காது.

இரண்டாவது, நிறுவனமே மரையிட்டு ரப்பர் மூடியால் மூடி வைத்திருக்கும் துளைகள். விலை உயர்ந்த மாடல்களுக்கு வளையங்களைப் பொருத்திவிட்டு, குறைந்த விலை மாடல்களில் துளையை மட்டும் விட்டுவைப்பது வழக்கம். மூடியைக் கழற்றி மரையின் அளவைப் பாருங்கள். எம்10 (அதாவது 10 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டில் மரை இடைவெளி 1.5 மி.மீ. ஆகவும் இருக்கலாம், 1.25 மி.மீ. ஆகவும் இருக்கலாம், எம்12-இல் 1.75 அல்லது 1.25. கையால் மூன்று சுற்றுகூடப் போகாத போல்ட்டை ஸ்பேனரால் கட்டாயப்படுத்தினால் உள்மரை பாழாகிவிடும்.

மூன்றாவது, தொட்டியை வண்டியின் அடிச்சட்டமான சேஸியுடன் இணைக்கும் பெரிய போல்ட்டுகள். தொட்டித் தரையில் இவற்றின் தலை தெரியும். இந்தத் தலைக்கு அடியில் வைத்து முடுக்கும் வளையத் தகடுகள் விற்கப்படுகின்றன. விசை நேராகச் சேஸிக்குப் போவதால் வண்டியிலேயே வலுவான பிடி இதுதான். இதைச் செய்யும்போது ஒரே நேரத்தில் ஒரு போல்ட்டை மட்டும் கழற்றுங்கள். தகட்டின் தடிமன் அளவுக்கு மரையின் பிடி குறைந்துவிடும் என்பதால், அதே தரத்தில், அதே மரையில், அந்தத் தடிமன் அளவுக்கு நீளமான போல்ட்டைப் போட்டு, கையேட்டில் சொன்ன முறுக்கு அளவில் முடுக்க வேண்டும். பழைய வண்டியாக இருந்தால், முந்தைய நாள் மாலையிலேயே துரு நீக்கும் எண்ணெயை அடியிலிருந்து தெளித்து ஊறவிடுங்கள். இல்லையென்றால் தலை முறிந்துவிடக்கூடும்.

இந்த மூன்றிலேயே உங்கள் தேவை நிறைவேறிவிட்டால், ஐந்தாம் படியிலிருந்து ஏழாம் படி வரை உங்களுக்குத் தேவையில்லை. அதுவே நல்ல முடிவு.

3. எவ்வளவு பலம் வேண்டும் என்பதைக் கணக்கிடுங்கள்

கண்மதிப்பு இங்கே உதவாது. சரக்குக் கட்டுதலில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு இது: திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது சரக்கின் எடையில் 0.8 பங்கு விசை முன்னோக்கித் தள்ளும்; வளைவில் பக்கவாட்டிலும், கிளம்பும்போது பின்னோக்கியும் 0.5 பங்கு தள்ளும்.

300 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். முன்னோக்கித் தள்ளும் விசை 240 கிலோ. நான்கு மூலைகளில் வளையங்கள் இருந்தாலும், முன்னோக்கிப் போவதைத் தடுப்பவை பின்பக்கத்து இரண்டு மட்டுமே. ஆளுக்கு 120 கிலோ என்று நினைக்கத் தோன்றும். கணக்கு அங்கே முடிவதில்லை. பட்டை தரையிலிருந்து 45 பாகை மேலேறி, 45 பாகை பக்கவாட்டிலும் விலகிப் போகிறது என்றால், பட்டையில் உள்ள இழுவிசையில் பாதிதான் முன்பின் திசையில் வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு பட்டையும், அது மாட்டியிருக்கும் வளையமும் 240 கிலோ தாங்க வேண்டும். 300 கிலோ பெட்டிக்கு ஒரு வளையத்தின் மேல் 240 கிலோ விழுகிறது என்பதை முதலில் கணக்கிட்டபோது, நான் தவறிவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். தரைக்கும் பெட்டிக்கும் இடையிலான உராய்வு கொஞ்சம் உதவும்தான். ஆனால் ஈரமான தொட்டியில் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சரக்கை முன்சுவரோடு ஒட்டி வைத்தால் முன்னோக்கிய விசையில் பெரும்பகுதியைச் சுவரே ஏற்றுக்கொள்ளும். செலவில்லாத பாதுகாப்பு இது.

இந்தக் கணக்கோடு, ராட்செட் பட்டையை (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் கட்டுப்பட்டை) முறுக்கும்போதே வளையத்தின் மேல் விசை ஏறுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. அகலப் பட்டையை ஒருவர் கையால் இறுக்கினாலே நூற்றுக்கணக்கான கிலோ இழுவிசை உண்டாகும். இவற்றையெல்லாம் வைத்து, வீட்டுப் பயன்பாட்டுக்கான பிக்கப்பில் ஒரு வளையத்துக்கு வேலைச்சுமை வரம்பு (பயன்பாட்டில் பாதுகாப்பாக ஏற்றக்கூடிய உச்சச் சுமை) 400 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று எனக்கு நானே ஒரு எல்லை வைத்துக்கொண்டேன்.

வேலைச்சுமை வரம்பு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உறையின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் அறுந்துபோகும் சுமை. பட்டைகளில் வேலைச்சுமை வழக்கமாக அதில் மூன்றில் ஒரு பங்குதான். பட்டையின் லேபிளில் இரண்டு எண்கள் இருந்தால், பெரியது பட்டையைப் பொருளைச் சுற்றி இரட்டையாகக் கொண்டுவரும்போது பொருந்துவது. ஒற்றையாக நேராக இழுக்கும்போது சிறிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. எந்த வளையத்தை வாங்குவது?

நான் பரிந்துரைப்பது, மேற்பரப்பில் இரண்டு போல்ட்டுகளால் பிடிக்கும் டி வடிவ வளையம். வேலைச்சுமை வரம்பு உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். வளையம் மடிந்து படுப்பதால் சரக்கை இழுத்து ஏற்றும்போது இடிக்காது. எந்தப் பக்கம் இழுத்தாலும் திரும்பிக் கொடுக்கும்.

செலவை இன்னும் குறைக்க வேண்டுமானால் யு போல்ட். இருப்பவற்றில் மலிவானது அதுவே. ஆனால் அதில் தாங்குதிறன் பொறிக்கப்பட்டிருப்பது அரிது. ஆகவே 10 மி.மீ. கம்பிக்குக் குறைவாக வாங்காதீர்கள், இலகுவான சரக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் நிமிர்ந்தே நிற்கும் என்பதால் தட்டையான பலகைகளை ஏற்றுபவர்களுக்குத் தொல்லை தரும்.

கண் போல்ட் வாங்கும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள். கம்பியை வளைத்துக் கண் செய்யப்பட்டதில், கண் மூடும் இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். விசை ஏறும்போது அங்கிருந்துதான் விரியும். காய்ச்சி அடித்து ஒரே துண்டாகச் செய்யப்பட்டு, அடியில் தோள் போன்ற வட்ட விளிம்பு உள்ளதையே வாங்க வேண்டும். அதுவும் நேராக மேலே இழுக்கும்போதுதான் முழுப் பலம் தரும். நல்ல தரத்தில் செய்த எம்8 கண் போல்ட் நேர் இழுவையில் 140 கிலோ, எம்10 என்றால் 230, எம்12 என்றால் 340. இழுவை 45 பாகை சாய்ந்தாலே எம்12-இன் மதிப்பு 240-க்கு இறங்கிவிடுகிறது. சரக்குப் பட்டை எப்போதும் சாய்வாகவே இழுக்கும் என்பதால், மேலே போட்ட 240 கிலோ கணக்குக்கு எம்12-கூட எல்லையில்தான் நிற்கிறது. இதனால்தான் கண் போல்ட்டை நான் தொட்டித் தரைக்குத் தேர்ந்தெடுக்கவில்லை.

தரைக்குள் புதைத்துப் பொருத்தும் கிண்ண வகை வளையங்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கையகலத் துளை வெட்ட வேண்டும், மழைநீரும் அதில் தேங்கும். முதன்முறையாகச் செய்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

போல்ட்டுகள் 8.8 என்ற வலிமைத் தரத்தில், துத்தநாகம் பூசியவையாக இருக்கட்டும். தலையில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் இல்லாத போல்ட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தொட்டி அலுமினியத்தால் ஆனதென்றால், அதோடு எஃகு நேரடியாகத் தொடும் இடத்தில், ஈரமும் உப்பும் சேரும்போது அலுமினியம் அரிக்கும். 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளின் தொட்டி அலுமினியம்தான். அத்தகைய தொட்டியில் தகட்டுக்கும் எஃகுக்கும் இடையே மெல்லிய ரப்பர் அல்லது நைலான் தாளும், போல்ட்டைச் சுற்றி நைலான் குழாயும் தேவை. சந்தேகமிருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது எஃகுத் தகடு அல்ல.

இனி அடித்தகடு. தொட்டித் தகட்டுக்கு அடியில் வைத்து நட்டை முடுக்கும் தடித்த இரும்புத் துண்டைத்தான் அப்படிச் சொல்கிறேன். முன்பு என் வளையங்கள் பிடுங்கி வந்ததற்கு இது இல்லாததே காரணம். 5 மி.மீ. தடிமனில், குறைந்தது 80 மி.மீ.-க்கு 80 மி.மீ. அளவில், வளையத்துக்கு ஒன்றாக வெட்டிக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கும் பட்டை இரும்பே போதும். நான்கு மூலைகளையும் அரத்தால் வட்டமாகத் தேயுங்கள். கூரான மூலை விட்டுவிட்டால், விசை ஏறும்போது அது தொட்டித் தகட்டையே கத்திபோல அறுக்கும். பெரிய வாஷர் ஒன்றைப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். மெல்லிய வாஷர் இழுவையில் குடைபோலக் கவிழ்ந்து, தகட்டோடு சேர்ந்து மேலே வந்துவிடும்.

5. இடத்தை மேலிருந்து அல்ல, கீழிருந்து தேர்ந்தெடுங்கள்

தொட்டிக்குள் நின்றுகொண்டு அழகாக அளந்து குறித்த இடத்துக்கு நேர் கீழே பிரேக் குழாய் ஓடிக்கொண்டிருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. வலது பின்மூலையில் குறித்த புள்ளிக்கு இரண்டு விரல் தள்ளி, பிரேக் குழாயும் விளக்குக்குப் போகும் மின்கம்பிக் கட்டும் சேர்ந்து போயின. வேறு எதற்கோ அடியில் படுத்ததால்தான் அது என் கண்ணில் பட்டது.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, விளக்குடன் அடியில் போங்கள். ஜாக்கியால் தூக்க வேண்டியிருந்தால் தாங்கு கால்களை வைக்காமல் அடியில் போகக்கூடாது. எரிபொருள் டேங்க், அதற்குப் போகும் குழாய்கள், பிரேக் குழாய்கள், மின்கம்பிகள், புகைக்குழாய், மாற்றுச் சக்கரம் ஆகியவற்றின் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, தொட்டி விளிம்பிலிருந்து டேப்பால் அளந்து தாளில் வரையுங்கள். டேங்க்குக்கு நேர் மேலே எந்தக் காரணத்துக்காகவும் துளையிடாதீர்கள். மின்சார வண்டியோ கலப்பின வண்டியோ என்றால், ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பி உயர் மின்னழுத்தக் கம்பி. அப்படிப்பட்ட வண்டிகளில் துளையிடும் எண்ணத்தையே விட்டுவிட்டு இரண்டாம் படியோடு நின்றுகொள்ளுங்கள்.

தொட்டித் தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் தாங்குசட்டங்களுக்கு அருகில் வளையம் வருமாறு பாருங்கள். அங்கே தகடு குறைவாகவே வளையும். சட்டத்தையே துளைக்க வேண்டாம். முன்சுவரை ஒட்டி இரண்டு, சக்கர மேட்டுக்குப் பின்னால் இரண்டு, பின்கதவுக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு என்று ஆறு இருந்தால் பெரும்பாலான சரக்குகளுக்குப் போதும். நான்கோடு தொடங்கினாலும் தவறில்லை. பின்கதவில் மட்டும் எதையும் பொருத்தாதீர்கள். அதன் கீல்களும் கொக்கிகளும் சரக்கின் விசையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

தரை அலையலையாக இருப்பதால், மேட்டில் வைப்பதா பள்ளத்தில் வைப்பதா என்ற கேள்வி வரும். மேட்டில் வைத்தால் அடியில் வெற்றிடம் இருக்கும். முடுக்க முடுக்க மேடு நசுங்கும், நசுங்க நசுங்க நட்டு தளரும். பள்ளத்தில் தகடும் அடித்தகடும் ஒன்றோடொன்று படிந்து உட்காரும், ஆனால் தண்ணீர் நிற்கும். நான் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் கசியாமல் அடைக்கும் பசையான சீலன்ட் போட்டேன். மேட்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால், மேட்டின் உயரத்துக்குச் சரியாக வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே போல்ட்டைச் சுற்றி வைக்க வேண்டும்.

பக்கச்சுவர் இரட்டைத் தகடு. உள்தகட்டைத் தாண்டிய டிரில், அடுத்த நொடியே வெளித்தகட்டின் பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். நட்டை வைக்கக் கை போகாது என்பதால், ஒரு பக்கத்திலிருந்தே துளையில் செருகி நசுக்கிப் பிடிக்கவைக்கும் ரிவெட் நட்டு போடச் சொல்பவர்கள் உண்டு. மெல்லிய தகட்டில் ரிவெட் நட்டு ஒரு மண்வெட்டியை மாட்டி வைக்கப் போதும், சரக்கைக் கட்டப் போதாது. முன்சுவரில் பொருத்துபவர்கள், போல்ட்டின் முனை ஓட்டுநர் அறைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; மேடுபள்ளத்தில் அறையும் தொட்டியும் தனித்தனியாக அசையும், அப்போது முனை அறையின் பின்சுவரை இடிக்கும்.

வெல்டிங் செய்துவிட்டால் இவ்வளவு வேலை இல்லையே என்று தோன்றலாம். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் புகை உடம்புக்குத் தீங்கு, அடிப்பக்கப் பூச்சு கருகித் துரு பிடிக்கும், பக்கத்திலேயே எரிபொருள் இருக்கிறது. வேண்டாம்.

6. துளையிடுதல்

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். கண்ணாடி அணியுங்கள். வளையத்தின் அடித்தளத்தையே அச்சாக வைத்துத் துளைகளைக் குறித்து, நடுப்புள்ளியில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியை வைத்துத் தட்டிக் குழி போடுங்கள். இல்லையென்றால் பிட் பெயின்ட்டின் மேல் வழுக்கி நீளமாகக் கீறும்.

முதலில் 3 மி.மீ. பிட்டால் ஒரே ஒரு துளை. பிட்டில் ஒரு மரத்துண்டைக் கோத்து, முனை 15 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி விட்டால், தகட்டைத் தாண்டி ஆழமாகப் பாயாது. துளை விழுந்ததும் நிறுத்திவிட்டு அடியில் போய்ப் பாருங்கள். நினைத்த இடத்தில்தான் வந்திருக்கிறது, பக்கத்தில் எதுவும் இல்லை என்பது உறுதியான பிறகே 6 மி.மீ., அதற்குப் பிறகு இறுதி அளவு. எம்8 போல்ட்டுக்கு 9 மி.மீ., எம்10 போல்ட்டுக்கு 10.5 அல்லது 11 மி.மீ. துளை சரி. மெதுவான வேகமும் ஒரு துளி எண்ணெயும் போதும், அழுத்தத் தேவையில்லை. துளையிடும் நேரத்தில் அடியில் யாரும் படுத்திருக்கக் கூடாது.

இரும்புத் துகளை அன்றே அகற்றிவிடுங்கள். நான் மறுநாள் பெருக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இரவுப் பனி இறங்கியதில், காலையில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கடுகளவு செம்பழுப்புக் கறை படிந்து, தொட்டி முழுவதும் புள்ளி போட்டதுபோல் இருந்தது. துணி சுற்றிய காந்தத்தால் ஒற்றியெடுத்து, பிறகு தண்ணீர்விட்டுக் கழுவினால் இந்தத் தொல்லை வராது. பிளாஸ்டிக் விரிப்பு போட்ட தொட்டியானால், விரிப்பைத் தூக்கி அதற்கு அடியிலும் பாருங்கள். அங்கே தங்கும் துகள் கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் அரிக்கும். வளையத்தின் அடித்தளம் விரிப்பின் மேல் உட்காரக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் நாளடைவில் அமுங்கி முடுக்கம் தளர்ந்துவிடும் என்பதால், அடித்தளத்தின் அளவுக்கு விரிப்பை வெட்டியெடுத்துத் தகட்டின் மேலேயே வளையத்தை வைக்க வேண்டும்.

7. துருவுக்குத் தடை

துளையின் இரு விளிம்புகளிலும் உள்ள பிசிறை வட்ட அரத்தால் எடுத்து, சுற்றிலும் மென்மையாகத் தேய்த்து, ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். துத்தநாகம் கலந்த பிரைமரைச் சிறு தூரிகையால் துளையின் உள்சுவரிலும் படும்படி பூசி, டப்பாவில் எழுதியுள்ள நேரம் முழுவதும் காய விடுங்கள். அதன் மேல் வண்டியின் நிறத்தில் பெயின்ட். அடித்தகடுகளையும் இதேபோல் எல்லாப் பக்கமும், துளைகளின் உள்ளேயும் பூசி இரவு முழுவதும் காய வையுங்கள். பெயின்ட் கையில் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று முடுக்கினால், வாஷர் அதை அப்படியே உரித்தெடுத்துவிடும்.

8. முடுக்குதல்

வளையத்தின் அடித்தளத்துக்குக் கீழே, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பாலியூரித்தேன் சீலன்ட்டை ஒரு வளையமாகப் போடுங்கள். மேலிருந்து போல்ட், அடியில் அடித்தகடு, வாஷர், பிறகு உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு. ஒருவர் மேலே தலையைப் பிடிக்க, மற்றவர் அடியில் நட்டைத் திருப்ப வேண்டும். இந்த ஒரு கட்டத்துக்கு இரண்டு பேர் தேவை. 8.8 தர எம்8 போல்ட்டுக்கு ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர், எம்10 போல்ட்டுக்கு 45 முதல் 50 வரை என்பது வழக்கமான அளவு. முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரென்ச்சை இரவல் வாங்கிக்கொள்ளலாம். இதற்கென்று விலைக்கு வாங்க வேண்டியதில்லை. முடுக்கும்போது மேலே தகடு குழிவதாகத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அடித்தகடு சமமாகப் படியவில்லை என்று பொருள்.

நட்டைத் தாண்டிக் குறைந்தது இரண்டு மரைகள் தெரிய வேண்டும். கழற்றிய நைலாக் நட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். நைலானின் பிடி முதல் முறைதான் முழுமையாக இருக்கும். முடிந்ததும் நட்டின் மேலும் அடித்தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நட்டு தளர்ந்தால் கோடு விலகும், ஸ்பேனர் இல்லாமலே தெரிந்துவிடும்.

9. சரக்கு ஏற்றும் முன் சோதனை

சீலன்ட் இறுக ஒரு நாள் விடுங்கள். பிறகு எதிரெதிர் வளையங்களுக்கு இடையே ராட்செட் பட்டையை மாட்டி, சரக்கைக் கட்டும் அளவுக்கு இறுக்கி, கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். அடித்தளத்தின் ஓரத்தில் தகடு எழும்புகிறதா, அடித்தகட்டின் மூலை பதிகிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் சிறு குழிவும் நிழலாகத் தெரியும். பட்டையின் நேர்கோட்டில் முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள். கம்பியால் இழுத்தோ, வேறு வண்டியில் கட்டி இழுத்தோ சோதிக்கவும் வேண்டாம்; தாங்குவதைக் காட்டும் சோதனையே தாங்கியதை உடைத்துவிடும்.

தண்ணீர் ஊற்றி அடியில் கசிகிறதா என்றும் பாருங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு பெயின்ட் கோடுகளைச் சரிபாருங்கள், அதன்பிறகு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும்.

10. செலவும் நேரமும்

விலைகள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் எது எதைவிட அதிகம் என்பது மாறுவதில்லை. வளையங்களை மாட்டி நகர்த்துவதற்கென வண்டி நிறுவனமே விற்கும் அசல் தண்டவாளத் தொகுதிதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. பொறித்த டி வளையம் ஆறும், அவற்றுக்கான போல்ட், நட்டு, அடித்தகடு எல்லாமும் சேர்ந்து அதன் ஒரு சிறு பங்கிலேயே முடிந்துவிடும். நான் எதிர்பார்க்காத செலவு, நல்ல டிரில் பிட்டுகளும் பிரைமரும் சீலன்ட்டும். கருவி எதுவும் கையில் இல்லாதவர்களுக்கு அந்தப் பகுதி வளையங்களின் விலையையே எட்டிவிடும். அதில் குறைக்க வேண்டுமானால் கருவிகளை இரவல் வாங்கிக் குறையுங்கள். போல்ட்டின் தரத்திலோ அடித்தகட்டின் தடிமனிலோ கை வைக்காதீர்கள்.

துளையில்லாத வழிகளுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஆறு வளையங்களைத் துளையிட்டுப் பொருத்த, தாள்களைப் படிக்கும் நேரம் நீங்கலாக, முதல் நாள் காலை அடிப்பகுதியைப் பார்த்துக் குறிப்பது, மதியம் துளையிடுவது, மாலை பிரைமர் பூசுவது, மறுநாள் காலை முடுக்குவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சீலன்ட் இறுகும் நாளையும் சேர்த்தால், வெள்ளிக்கிழமை மாலை பொருள்களை வாங்கி வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை தொடங்குபவர் திங்கட்கிழமை சரக்கு ஏற்றலாம். சனிக்கிழமை மழை என்றால் துளையிடும் வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். ஈரத்தின் மேல் பூசிய பிரைமர் ஒட்டாது.

எல்லாம் முடிந்த பிறகு, ஒவ்வொரு வளையத்தையும் மேலிருந்தும் அடியிலிருந்தும் படம் எடுத்து, ரசீது, தாங்குதிறன் அட்டை, நீங்கள் வரைந்த அடிப்பகுதிப் படம் ஆகியவற்றோடு கையேட்டின் உறைக்குள் செருகி வையுங்கள். அடுத்த முறை பிரேக் குழாயையோ மின்கம்பியையோ சரிசெய்ய அடியில் படுக்கும் மெக்கானிக்குக்கும், நாளை அந்த வண்டியை உங்களிடமிருந்து வாங்குபவருக்கும் அவை தேவைப்படும்.